சும்மா இருந்தால் அரைப்பேர்

தொண்ணூறுகளில் பதுளை மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் வந்து, டெலிவிஷன் திருத்தும் ஆள் எங்கே என்று யாரைக் கேட்டிருந்தாலும் என் கடையைத்தான் கைநீட்டிக் காட்டியிருப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். ஓடாத ரேடியோக்களைத் திறந்து பார்த்துத் திறந்து பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்கிறேன் என்பாள் என் மனைவி. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வெறுங்கையோடு பஸ் ஏறி வந்தவன் இதையாவது சொல்லிக்கொள்ள வேண்டாமா?

இப்போது எழுதப்போவது பெருமை இல்லை. ஒரு கம்பியூட்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அதைப் பற்றி எழுதினால் என் அம்மாவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அம்மாவைப் பற்றி எழுதும்போது எனக்குத் தலை தானாகக் குனிந்துவிடுகிறது.

அப்பா செத்த வருஷம் அம்மாவைத் தோட்டத்திலிருந்து பதுளைக்குக் கூட்டி வந்தேன். சும்மா கூட்டி வரவில்லை. வேன் பிடித்துக்கொண்டு போனேன். லயத்து வாசலில் எல்லாரும் நிற்கும்போது, "இனிமே எங்கம்மா ஒரு துரும்பைத் தூக்கக் கூடாது. ராணி மாதிரி வச்சுக்குவேன்" என்று சத்தமாகச் சொன்னேன். அந்த லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், அம்மாவோடு இருந்தவள் என் தங்கச்சி. அவளும் கொழுந்து பறிக்கிறவள்தான். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அன்றைக்கு அவள் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனின் வசதியைப் பார்த்து வாயடைத்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குப் பதுளை ஒத்துவரவில்லை. வீட்டில் என் மனைவி காஸ் அடுப்பில் சமைத்துவிடுவாள். துணியை மெஷின் துவைத்துவிடும். அம்மா எதையாவது தொட்டால், "அத்தை, வைங்க, நான் பாத்துக்கிறேன்" என்று மரியாதையாக வாங்கி வைத்துவிடுவாள். வாழ்நாள் முழுக்க முதுகில் கூடையோடு மலை ஏறினவருக்கு உட்கார எங்கே தெரியும்? வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

"சும்மா ஒக்காந்து சாப்பிட எனக்கு வெக்கமா இருக்குப்பா. என்னைய லயத்துலயே கொண்டு போய் விட்ரு."

"நீங்க போனா ஊரு என்னையத்தானம்மா பேசும். பெத்தவளை வச்சுப் பாக்கத் தெரியாதவன்னு சொல்லுவாங்க."

அதுதான் எனக்குப் பயம். அம்மாவை எப்படியாவது பதுளையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் திரும்பிப் போனால், வேன் வைத்துக் கூட்டி வந்தபோது நான் பேசியதெல்லாம் வெறும் பேச்சாகிவிடும். அதனால் வீட்டில் வெறுமனே இருக்க வேண்டாம் என்று காலையில் என்னோடு கடைக்கே கூட்டி வந்தேன். கண்ணாடி மேசைக்குப் பின்னால், மெத்தை வைத்த நாற்காலி ஒன்று போட்டேன். வருகிறவர்கள் எல்லாருக்கும், "எங்கம்மா" என்று காட்டுவேன். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பிறத்தியார் வீட்டில் உட்கார்ந்த மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பார்.

அம்மா வருவதற்கு முன்பே, இரண்டாயிரத்துக்குப் பிறகு டெலிவிஷன் திருத்துவதில் வருமானம் இறங்கிவிட்டது. நான் விடுகிற ஆளா? கமரா வாங்கிக் கல்யாண வீடியோவில் இறங்கினேன். வீடியோவை வெட்டி ஒட்டப் பெரிய கம்பியூட்டர் வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர்க் கச்சேரியில், அரசாங்க ஆபீசில், கிளாக்கராக இருந்த யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர், சனி ஞாயிறில் வீட்டில் வைத்துக் கம்பியூட்டர் பூட்டிக் கொடுப்பார். அதிகம் பேசாத மனிதர். அவரிடம், இருக்கிறதிலேயே பெரிதாக ஒன்று வேண்டும் என்றேன்.

கொண்டு வந்து வைத்தபோது சொன்னார்: "அண்ணை, இதின்ர பிராசசருக்குள்ள ரெண்டு மூளை இருக்குது. ஒவ்வொண்டும் ரெண்டாயிரத்தில ஓடும்."

ரெண்டாயிரம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் ஆகிவிடுவேன். ஆனால் அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், பதுளையில் ரெண்டாயிரம் ஓடுகிற மெஷின் நம் கடையில்தான் இருக்கிறது என்று.

பக்கத்துக் கடை சாலூன். அந்த முதலாளி ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். வாய் சும்மா இருக்காது.

"ரெண்டாயிரம்னா என்னா முதலாளி, கிலோவா, மைலா?"

"அதெல்லாம் சொன்னா ஒனக்குப் புரியாது. நீ தாடியைப் பாரு."

"தாடியைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன். அதுதான் என்னைய நம்பி வருது."

சில மாதங்கள் கழித்து, கொழும்பில் நான் உதிரிப்பாகம் எடுக்கும் கடைக்காரர் ஒரு சீடி கொடுத்தார். அதில் சின்ன புரோகிராம் ஒன்று இருந்தது. பிராசசர் இந்த நிமிஷம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, எவ்வளவு வோல்டேஜ் எடுக்கிறது என்று எழுத்துப் போட்டுக் காட்டும். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. எண் வாசிக்க வரும். போதாதா? சாலூன்காரரைக் கூப்பிட்டேன். அவர் பாதி சவரம் செய்திருந்த ஆளையும் துண்டோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "வாங்க, வந்து நீங்களே கண்ணால பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினேன்.

ஆயிரம் என்று இருந்தது.

அதை மூடிவிட்டு மறுபடி போட்டேன். ஆயிரம்தான். நான் திரையைத் தட்டினேன். டெலிவிஷன்காரனின் பழக்கம் அது.

சாலூன்காரர் குனிந்து பார்த்தார். "எனக்கும் இங்கிலீஷ் தெரியாது முதலாளி. ஆனா ஆயிரம் தெரியும். ரெண்டாயிரம்னு பேர் குடுத்துட்டு வந்து ஆயிரம் எடுத்திருக்கானே. அரைப்பேர்தான் போடணும்."

துண்டோடு நின்ற ஆள் சோப்பு நுரை தெறிக்கச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி பல்லைக் காட்டினேன். எனக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அம்மா எழுந்து நின்றுவிட்டிருந்தார்.

தோட்டம் தெரியாதவர்களுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஒருநாள் கூலி என்பது ஒரு பேர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து மலைக்கு ஏற வேண்டும். சொன்ன எடைக்குக் கொழுந்து எடுத்து, சாயங்காலம் வரை நின்றால் முழுப்பேர். எடை குறைந்தாலோ, பாதிநாளில் இறங்கிவிட்டாலோ அரைப்பேர். அதைக் காதோடு சொல்ல மாட்டார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லாருக்கும் முன்னால், தராசுக்குப் பக்கத்தில் நின்று கணக்கப்பிள்ளை கூவுவார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவுக்கு முட்டி வீக்கம். எத்தனையோ சாயங்காலங்களில் அம்மாவின் பெயரும் அந்த வார்த்தையும் சேர்ந்து கூவப்படுவதை, மடுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கே முடிவு செய்தேன், அந்த வார்த்தை எட்டாத இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று. போயும்விட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அது சாலூன் வழியாக என் கடைக்குள் வந்துவிட்டது.

எனக்கு வேகம் என்பது புரியாது. வோல்டேஜ் புரியும், அது நம் ஆள். திரையில் வேகத்துக்குக் கீழே ஒன்று தசம் ஒன்று என்று வோல்டேஜ் போட்டிருந்தது. சீடி கொடுத்த கொழும்புக்காரருக்கு டெலிபோன் போட்டுக் கேட்டேன். அந்த ரகத்துக்கு ஒன்று தசம் மூன்று அளவில் இருக்க வேண்டும் என்றார். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பதுளைக் கரண்டின் குணம் எனக்குத் தெரியாதா? பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் லைட் போட்டால் பல்ப் மங்கிவிடும். கரண்ட் காணாமல்தான் மெஷின் சோர்ந்து கிடக்கிறது என்று தீர்மானித்து, கடையில் விற்க வைத்திருந்ததிலேயே பெரிய ஸ்டெபிலைசரைத் தூக்கி அதற்கு மாட்டினேன். தெருவுக்கும் விளக்கம் சொல்லிவிட்டேன்.

மாட்டிய பிறகும் ஆயிரம். ஒன்று தசம் ஒன்று.

"மருந்து பிடிக்கல போல" என்றார் சாலூன்காரர்.

அப்புறம்தான் கிளாக்கர் மேல் சந்தேகம் வந்தது. ரெண்டாயிரம் என்று சொல்லிப் பழைய பிராசசரைத் தலையில் கட்டிவிட்டார், படிக்காதவன்தானே என்று நினைத்திருக்கிறார். ஆள் அனுப்பி வரச் சொன்னேன். சனிக்கிழமை வந்தார். சாலூன்காரரும் வந்து கதவோரம் நின்றுகொண்டார். அம்மா நாற்காலியில் இருந்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "என்னா ஐயா இது, அரைப்பேர் மெஷினைக் கொண்டாந்து வச்சிருக்கீங்க?"

அவருக்கு வார்த்தை புரியவில்லை. திரையைக் காட்டினேன். பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணை, இப்ப இது என்ன வேலை செய்யுது?"

"என்ன வேலை? சும்மாதான் இருக்கு."

"அதுதான். சும்மா இருக்கேக்க ஏன் ஓட வேணும்?"

பிறகு மௌசை எடுத்து, முதல்நாள் பிடித்த கல்யாண வீடியோ ஒன்றை டிவிடிக்கு மாற்றக் கொடுத்தார். விரலைத் தூக்கினாரோ இல்லையோ, ஆயிரம் இருந்த இடத்தில் ரெண்டாயிரம் வந்தது. வோல்டேஜும் கூடவே ஒன்று தசம் மூன்றுக்கு ஏறியது. பெட்டிக்குள் காத்தாடி இரைந்தது. வேலையை நிறுத்தினார், ரெண்டும் பழையபடி இறங்கின. மறுபடி கொடுத்தார், ஏறின. சாலூன்காரர், "அட, கங்காணியைக் கண்ட மாதிரியில்ல எழும்புது" என்றார்.

நான் அவ்வளவு லேசில் விட்டுக் கொடுப்பேனா? "அப்ப எப்பவும் ரெண்டாயிரத்துலயே ஓட வைக்க முடியாதுங்களா?"

"வைக்கலாம். இஞ்ச பாருங்கோ." கரண்டைக் கையாளும் அமைப்பு என்று ஓர் இடத்தைத் திறந்தார். அதில் வரி வரியாக விதம் விதமான பெயர்கள். "இதில ஓல்வேஸ் ஓன் எண்டதைப் போட்டா, வேலை இருந்தாலும் இல்லாட்டியும் ரெண்டாயிரத்திலயே நிக்கும். நான் மினிமல் எண்டதைப் போட்டு விட்டனான். வேலை இல்லாத நேரம் வேகத்தையும் வோல்டேஜையும் தானா இறக்கும். உங்கட கடையில பகல் முழுக்க மெஷின் சும்மாதானே நிக்குது?"

"எங்கடையில மெஷின் சும்மா நிக்குதா?" என்றேன். சாலூன்காரர் இருமினார்.

முதலில் சொன்னதையே போடச் சொன்னேன். போட்டார். எண் ரெண்டாயிரத்தில் நின்றது. பக்கத்துத் தகட்டைக் கழற்றி, பிராசசர் மேல் இருந்த அலுமினியத்தில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நன்றாகச் சூடேறியிருந்தது. மறுபடி தன் விதத்துக்கு மாற்றினார். சூடு இறங்கியது.

"வேகத்தை மட்டும் குறைச்சா கொஞ்சம்தான் மிச்சம், அண்ணை. வோல்டேஜும் சேர்ந்து இறங்கினாத்தான் சூடு கனக்க இறங்கும்."

அதாவது நம் ஆளான வோல்டேஜ்தான் முக்கியம். எனக்கு அது பிடித்துப்போனது. "அப்ப வோல்டேஜை மட்டும் கொறைச்சுப்புட்டு, வேகத்தை அப்புடியே விடுறது?"

"மெதுவா நடக்கிற ஆளுக்குக் குறைஞ்ச சாப்பாடு காணும். ஓடுற ஆளுக்கும் அதையே குடுத்தா இடையில விழுந்திடுவான். அதால ஏறேக்க ரெண்டும் ஏறும், இறங்கேக்க ரெண்டும் இறங்கும்."

ஸ்டெபிலைசரைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதே அவருடைய பெருந்தன்மை. அவர் போகும்போது அம்மாவைப் பார்த்து, "வாறன் அம்மா" என்றார். அம்மா எழுந்து நின்று கும்பிட்டார். அன்றைக்கு முழுக்க அம்மா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவனிக்கவில்லை. நான்தான் பேசிக்கொண்டிருந்தேனே.

ஆமாம், அதைத்தான் சொல்ல வருகிறேன். ஒரு விஷயம் புரிந்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. கிளாக்கர் சொன்னதை நான் தோட்டத்துப் பேச்சில் மாற்றி என்னுடையதாக்கிக்கொண்டேன். கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும், கல்யாண வீடியோ கேட்டு வந்தவர்களை, ரிமோட்டுக்கு பெட்டரி வாங்க வந்தவர்களைக்கூட, திரைக்கு முன்னால் நிறுத்தினேன்.

"இங்க பாருங்க. சும்மா ஒக்காந்திருக்கு, அரைப்பேர். அரைப்பேருக்கு அரைச் சாப்பாடுதான். வேலை செய்யாதவனுக்கு எதுக்கு முழுச் சாப்பாடு, சூடு ஏறிப்போயிரும்ல? இப்ப வேலை குடுக்கிறேன் பாருங்க. முழுப்பேர். சாப்பாடும் கூடிருச்சு. நம்ம தோட்டத்துச் சட்டம்தான் உள்ளுக்கு ஓடுது."

எல்லாரும் ரசித்தார்கள். பசறையிலிருந்து வந்த பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர், இவ்வளவு தெளிவாகப் படித்தவர்களே சொல்ல மாட்டார்கள் என்றார். எந்த வார்த்தைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தேனோ, அதையே விளையாட்டுப் பொருளாக்கி நாள் முழுக்க உருட்டினேன். சொல்லச் சொல்ல அதில் இருந்த முள் எனக்கு மழுங்கிவிட்டது. மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கும் மழுங்கியிருக்கும் என்று நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை.

முதலில் சொன்னது என் மனைவி. "அத்தை சோத்தைப் பாதியாக் கொறைச்சுட்டாங்க. கேட்டா பசிக்கலங்கிறாங்க."

"வயசாகுதுல்ல" என்றேன்.

அடுத்து, அம்மா கடையில் வேலை செய்ய ஆரம்பித்தார். கண்ணாடி மேசையை முந்தானையால் துடைப்பார். வாசலைக் கூட்டுவார். பழைய டெலிவிஷன் கூடுகளை நகர்த்தி நகர்த்தி அடுக்குவார். உட்காரச் சொன்னால் உட்காருவார். ஆள் வந்தால் எழுந்து எதையாவது எடுத்துக்கொள்வார். நான் திரையைத் திருப்பி என் பேச்சைத் தொடங்கினால் துடைக்கிற கை இன்னும் வேகமாகும். ஒரு நாள், முட்டி வீக்கத்தோடு படியில் குந்தி உட்கார்ந்து தகரக் கதவின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சாலூன்காரர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"முதலாளி, கோவிச்சுக்காதீங்க. ஆத்தாவைப் படி தேய்க்க விடுறீங்கன்னு ஆளுங்க பேசுறாங்க."

வழக்கமான கிண்டல் அதில் இல்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. உள்ளே வந்து அம்மாவிடம் கத்தினேன். நான் ஊருக்கு முன்னால் எவ்வளவு சொல்லிக் கூட்டி வந்தேன், இப்படி மானத்தை வாங்குகிறீர்களே என்றேன். அம்மா துணியை மடித்து வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில், கோவிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வீட்டிலிருந்து புறப்பட்டவர் கடைக்கு வரவில்லை. எனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. பஸ் நிலையத்துக்கு ஓடினேன். மடுல்சீமை பஸ் நிற்கும் இடத்தில், உரப்பையில் துணியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சீமெந்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இல்லை. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா இது? நான் என்ன கொறை வச்சேன்?"

"ஒரு கொறையுமில்லப்பா. நீ நல்லா இருக்கணும்."

"பின்ன எதுக்குச் சாப்பாட்டைக் கொறைச்சீங்க?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை, பஸ்ஸைத்தான் பார்த்தார். "நீதானே சொல்ற. சும்மா ஒக்காந்திருந்தா அரைச் சாப்பாடுன்னு."

"ஐயோ அம்மா, அது பொட்டியைச் சொன்னது. ஒங்களைச் சொல்லுவேனா?"

"பொட்டியைத்தான் சொல்றேன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன கூறுகெட்டவளா? பொட்டிக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா? வேலை இல்லாத நேரம் கொறைச்சுத் திங்கிறது சரியாத்தான்பா இருக்கு."

சுற்றி நின்றவர்கள் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே, பஸ் நிலையத்தில், அம்மாவுக்குப் பிராசசரை விளக்க ஆரம்பித்தேன். சொன்னால் சிரிப்பாக இருக்கும். அது குறைச்சல் இல்லையம்மா, அது மிச்சம் பிடிப்பது. அதை யாரும் தண்டிக்கவில்லை. வோல்டேஜ் இறங்குவது அதன் நன்மைக்குத்தான். சூடு ஏறினால் அதுதான் கெட்டுப்போகும் என்று என்னென்னவோ சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"வேலை வந்தா?"

"வந்த உடனே ஏறிரும்மா. கண்ணை மூடித் தொறக்கிறதுக்குள்ள."

"அதுக்கு வேலை வருது" என்றார் அம்மா. "எனக்கு எப்பப்பா வரும்?"

தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசியே முன்னேறியவன் நான்; அன்றைக்கு, பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டேன். பஸ் புறப்படத் தயாரானது. அம்மா ஏறினார். கடைக் கதவைத் திறந்தபடி விட்டு வந்தது நினைவிருந்தும் நானும் ஏறினேன். எப்படியும் தங்கச்சி வீட்டில் ஒருநாள் வைத்து, பேசிச் சரிக்கட்டித் திரும்பக் கூட்டி வந்துவிடலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு. பசறை தாண்டி வளைவு வளைவாக ஏறும்போது அம்மா ஜன்னலோரம் இருந்து மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். எந்த மலையில் செடியைக் குறைத்துக் கவ்வாத்து வெட்டியிருக்கிறார்கள், எதில் கொழுந்து நிற்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பதுளையில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். மலையில் இருக்க வேண்டிய என் தங்கச்சி காம்பரா வாசலில் நின்றாள். இடுப்பில் பிள்ளை. பிள்ளைக்கு இழுப்பு, மூச்சு விசிலடிக்கிற மாதிரி கேட்டது.

"இந்த நேரத்துல வீட்டுல என்னா செய்ற?" என்று கேட்டேன். அண்ணன் இல்லையா, அதட்டிக் கேட்டேன்.

"பிள்ளைக்காம்பராவுல சேத்துக்க மாட்டேங்கிறாங்கண்ணே, இழுப்பு வந்தா அங்க பிள்ளைகளைப் பாத்துக்கிற ஆயாம்மாவுக்குப் பயம். காலையில பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்குவாங்க, அவங்களும் பன்னெண்டுக்குப் போயிருவாங்க. அதான் மத்தியானம் எறங்கி வந்துர்றது."

"தெனமுமா?"

"அம்மா போனதுலருந்து இப்புடித்தான்."

மத்தியானம் இறங்கினால் என்ன பேர் விழும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அம்மா என் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம், இங்கே மடுவத்தில் என் தங்கச்சியின் பெயரோடு அந்த வார்த்தையைச் சேர்த்துக் கூவியிருக்கிறார்கள். அதே நாட்களில் நான் அங்கே பெட்டரி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேன் வந்த அன்று கதவோரம் வாய் பேசாமல் நின்றாளே, அந்த முகம் இப்போதுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க அவ்வளவு ஆசையாக் கூட்டிட்டுப் போறீங்க. எப்புடிண்ணே சொல்றது?"

அதற்குள் அம்மா உரப்பையை வாசலில் போட்டுவிட்டுப் பிள்ளையைக் கையில் வாங்கியிருந்தார். வாங்கின கையோடு தோளில் சாய்த்து முதுகைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனார். தங்கச்சி அம்மாவிடம் ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று ஒன்றுமே கேட்கவில்லை. கொடியில் கிடந்த படங்கை, மலைக்குக் கட்டும் முரட்டுத் துணியை, எடுத்து இடுப்பில் சுற்றினாள். கூடையை மாட்டினாள்.

"இப்ப ஓடுனா முழுப்பேர் கெடைச்சிரும்ணே. ஒக்காருங்க, அம்மா சாயத்தண்ணி ஊத்தும், குடிங்க" என்று சொல்லிவிட்டு மேட்டுப் பாதையில் ஓடினாள். உண்மையாகவே ஓடினாள்.

நான் வாசல் கல்லில் உட்கார்ந்தேன். உள்ளே அம்மா அடுப்பை ஊதுகிற சத்தம், பிள்ளையோடு பேசுகிற சத்தம், பாத்திரம் உருட்டுகிற சத்தம், எல்லாம் ஒன்றாகக் கேட்டது. முட்டி வீங்கிய ஒரு கிழவி இவ்வளவு வேகமாக நடமாட முடியும் என்று பதுளையில் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். திரும்பக் கூட்டிக்கொண்டு போகும் பேச்சை மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேனே, அதை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

பக்கத்துக் காம்பராக் கிழவி எட்டிப் பார்த்தது. "யாரு, பதுளை முதலாளியா? ராணியைக் கொண்டாந்து விட்டுட்டீங்களா?"

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ஏம்பா, சும்மா ஒக்காந்திருக்காத. குடத்துல சொட்டுத் தண்ணி இல்ல. பீலியில போய்ப் பிடிச்சுட்டு வா."

வெள்ளைச் சட்டையும் காலில் சப்பாத்துமாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, மலைத் தண்ணீர் வந்து விழும் பீலிக்கு நடந்தேன். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டதும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு, ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு குடத்தைப் பீலிக்குக் கீழே வைத்தேன். வெயில் காலம், தண்ணீர் மெல்லிய நூலாகத்தான் விழுந்தது. நிறையும் வரை அங்கேயே நின்றேன்.